“எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் போய்விட்டீர்கள்”

கேள்வி: பிஎச்.டி. படிக்க இங்கிலாந்து வந்து, இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் சீனியர் லெக்சரர் ஆனேன். பல்கலைக்கழகங்கள் இனச் சமத்துவத்துக்கு எடுக்கும் முயற்சியை மதிப்பிட்டு விருது தரும் இனச் சமத்துவச் சாசனத்துக்கு எங்கள் பல்கலைக்கழகம் விண்ணப்பிக்கிறது. அதற்காக எங்கள் துறையில் அமைத்த சுயமதிப்பீட்டுக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, “உங்களுக்கு இருக்கும் சிறப்புரிமைகளை எழுதுங்கள்” என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெயரை இன்றுவரை சரியாகச் சொல்லாதவர்கள் நடுவில், விசாவுக்கு அலைந்து, இரண்டு பேர் வேலையைச் செய்து மேலே வந்தவள் நான். எனக்கு என்ன சிறப்புரிமை? தாளை எழுதாமலே திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரச் சகா இரண்டு பக்கம் எழுதிக் கண்கலங்கினார். அன்று மாலை, ஏழு வருடமாக ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் பாடம் நடத்தும் கறுப்பினத் தோழி ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் போய்விட்டீர்கள்.” அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நான் யாரிடமும் பேதம் பார்த்தவள் இல்லை; எங்கள் வீட்டிலும் பார்த்ததில்லை. இந்தக் குழுவில் இருப்பதா, விலகுவதா? அவருக்காக நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த எழுதாத தாள். அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். பல்கலைக்கழகப் பணியாளர்களின் சமத்துவப் புகார்களைக் கையாளும் வேலையில் நான் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். இப்படிப்பட்ட தாள்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் உண்மையாகத்தான் எழுதுவார்கள், உண்மையாகத்தான் அழுவார்கள். கூட்டம் முடிந்ததும் தாள்கள் கோப்புக்குள் போகும். அடுத்த நாள் காலையில் அதே கால அட்டவணை, அதே ஒப்பந்தம், அதே பதவி உயர்வுக் குழு. ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் வேலை செய்யும் இடம் எப்படி நடக்கிறது என்று கேட்காமல் விடுவதில்தான் கோளாறு. உங்கள் தோழி உங்கள் நெஞ்சைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, கவனித்தீர்களா? யார் முதலில் வந்தார், யார் முதலில் மேலே போனார் என்று ஒரு வரிசையைத்தான் சொன்னார். அந்த வரிசை உண்மை.

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இனவெறி, நிறவெறி என்றுதான் நாம் சொல்கிறோம். இரண்டு சொல்லிலும் ‘வெறி’ உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டும் ஆள் ஒருவர்தான் நம் கண்முன் வருகிறார். நம் துறையில் அப்படி யாரும் இல்லையே என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் ஒரு நிறுவனம் ஒரு இனத்தவரைத் தொடர்ந்து கீழே வைத்திருக்க யாருக்கும் வெறி பிடிக்க வேண்டியதில்லை. எல்லோரும் அமைதியாக, மரியாதையாக, வழக்கப்படி வேலை செய்தாலே போதும்.

நீங்கள் வாழும் நாட்டில் இது பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1993 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவர் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணை ஏன் அவ்வளவு மோசமாக நடந்தது என்று ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வந்தது. தாமே அறியாத முன்முடிவும், அறியாமையும், யோசிக்காமல் நடந்துகொள்வதும் சேர்ந்தே ஒரு நிறுவனம் முழுவதும் ஒரு இனத்தவரைக் கைவிடலாம் என்று அது சொன்னது. அடுத்த வருடமே சட்டம் திருத்தப்பட்டது. இனப் பாகுபாட்டைக் களையும் கடமை பல்கலைக்கழகங்கள் உட்படப் பொது நிறுவனங்கள் மீது வந்தது. இன்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் அந்தக் கடமை தொடர்கிறது. உங்கள் குழு கூடுவது துறைத்தலைவரின் நல்ல மனத்தால் மட்டும் நடக்கும் காரியம் என்று யாராவது பேசினால், இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ‘சிறப்புரிமை’க்கு வருவோம். இந்தச் சொல்லும் நமக்கு உதவவில்லை. சிறப்புரிமை என்றால் யாரோ கூப்பிட்டுக் கையில் கொடுத்தது போலத் தோன்றுகிறது. ‘எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லையே’ என்ற உங்கள் கோபம் அங்கிருந்துதான் வருகிறது. நான் பயிற்சி வகுப்புகளில் இந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘நம் வழியில் இல்லாத தடை’ என்று சொல்கிறேன். இல்லாத ஒன்று கண்ணில் படாது. நடக்கிறவருக்குத் தன் கால்தான் தெரியும். பாதை மேடா பள்ளமா என்பது தடுக்கி விழுந்தவருக்குத்தான் தெரியும்.

ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மில்க்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 259 பல்கலைக்கழகங்களில் 6,500க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். ‘உங்களிடம் பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன், பத்து நிமிடம் சந்திக்கலாமா’ என்ற மாதிரி ஒரே கடிதம். கீழே இருந்த பெயர் மட்டும் மாறியது: வெள்ளை ஆண் பெயர், பெண் பெயர், கறுப்பினப் பெயர், லத்தீன் அமெரிக்கப் பெயர், இந்தியப் பெயர், சீனப் பெயர். மற்ற பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றைவிட வெள்ளை ஆண் பெயருக்கு அதிகம் பதில் வந்தது. கடிதம் பெற்றவரும் அதே இனத்தவராக இருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று நினைப்போம், பெரும்பாலும் மாறவில்லை. அந்தப் பேராசிரியர்களில் எத்தனை பேர் தன்னைப் பாகுபாடு பார்ப்பவர் என்று ஒப்புக்கொள்வார்? அனேகமாக ஒருவரும் மாட்டார். பதில் போடாமல் விட்ட ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். பதில் கிடைத்த மாணவருக்கோ அது தன் திறமைக்குக் கிடைத்ததாகத்தான் தோன்றும். அதில் பொய்யும் இல்லை. திறமை இருந்தது, கூடவே கதவும் திறந்தது.

இப்போது உங்களைப் பற்றிப் பேசலாம். நீங்கள் பட்டது எதுவும் பொய் இல்லை. உங்கள் பக்கத்து அறை பிரிட்டிஷ் சகா ஒருபோதும் திறந்து பார்க்காத ஒரு அரசு இணையதளம் உங்களுக்கு மனப்பாடம். விசாவுக்காகச் சுகாதாரக் கட்டணம் மட்டும் 2024இல் வருடத்துக்கு 1,035 பவுண்டு ஆனது. உங்கள் பெயரை ஆறு வருடமாகத் தப்பாகச் சொல்வது சின்ன விஷயமே இல்லை. இந்தியப் பெயருக்கும் அந்த ஆய்வில் பதில் குறைவாகத்தான் வந்தது.

ஆனால் அதே கட்டடத்தில் உங்கள் தோழிக்கு இருக்கும் ஒரு தடை உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். பதவி உயர்வுக்காக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். நம்மவர்களைப் பற்றி எழுதும்போது ‘கடின உழைப்பாளி’, ‘நம்பகமானவர்’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். கறுப்பினப் பெண்களைப் பற்றி எழுதும்போது, ‘தன் கருத்தை வலுவாகச் சொல்பவர்’ என்பார்கள். பாராட்டு மாதிரித்தான் இருக்கும். குழுவில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “கொஞ்சம் கடுமையானவரோ?” என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். உங்களைச் சீனியர் லெக்சரர் வரை ஏற்றிவிட்ட அந்தக் ‘கடின உழைப்பாளி’ முத்திரையே நாளை பேராசிரியர் பதவிக்கு நிற்கும்போது, ‘தலைமை தாங்குவாரா?’ என்று உங்களைத் தடுக்கவும் செய்யும். இரண்டு பேருக்கும் முத்திரை குத்துவது ஒரே கைதான்.

கூட்டு எண்ணிக்கை இதை மறைத்துவிடுகிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கறுப்பினத்தவர் 4 சதவீதம். பிரிட்டனின் பேராசிரியர்களில் அவர்கள் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆசியர், கறுப்பர், பிற சிறுபான்மையினர் எல்லோரையும் ‘பேம்’ என்று ஒரே கட்டத்தில் கொட்டி, ‘எங்கள் துறையில் இத்தனை சதவீதம்’ என்று காட்டினால் எண் நன்றாக இருக்கும். அந்த நல்ல எண்ணில் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் தோழியின் நிலை அதில் தெரியாது. அந்தச் சொல்லை அரசு கைவிட வேண்டும் என்று 2021இல் அரசு ஆணையமே பரிந்துரைத்தது. ஆனாலும் துறை அறிக்கைகளில் அந்தப் பழக்கம் எளிதில் போகவில்லை.

“எங்கள் வீட்டில் பேதம் பார்த்ததில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாக இருக்கும் என்றே நம்புகிறேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்க வேண்டும், மனம் வருந்தாதீர்கள். நம்மில் எத்தனை பேர் ‘நாங்கள் சாதியே பார்ப்பதில்லை’ என்று வளர்ந்தோம்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். கல்லூரியில் ஒரு தோழி, விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும்போது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். நான் அந்தக் கட்டத்தை மறைக்காமல் நிரப்பினேன். எனக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. சாதி பார்க்காமல் இருக்க முடிவது, சாதி தன்னைத் தேடி வராதவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி. உங்கள் துறைத்தலைவர் ‘நான் நிறம் பார்ப்பதில்லை’ என்று சொல்லும்போது உங்களுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தும் அல்லவா? அதே குத்தல்தான் உங்கள் தோழிக்கு, ‘நான் யாரிடமும் பேதம் பார்த்தவள் இல்லை’ என்று நீங்கள் சொல்லும்போது. நம்முடைய சாதி கடல் கடந்து வந்திருக்கிறது என்பதை பிரிட்டிஷ் தீர்ப்பாயங்களும் பார்த்தாயிற்று. சமத்துவச் சட்டம் சொல்லும் ‘இன மூலம்’ என்பதற்குள் சாதியும் வரக்கூடும் என்று 2014இல் டிர்க்கி வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. உங்கள் குழு இனத்தைப் பற்றிப் பேசும்போது இந்தியப் பணியாளர்களுக்குள், மாணவர்களுக்குள் இருக்கும் சாதியையும் நீங்கள் பேசுங்கள்; அதை எழுப்பத் தகுதியான ஆள் அந்த அறையில் அனேகமாக நீங்கள் ஒருவர்தான்.

கட்டமைப்பு என்பதை நான் கிட்டத்தில் பார்த்த இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒரு புகாரை விசாரிக்க ஒரு துறைக்குப் போயிருந்தேன். ஒரு கறுப்பின விரிவுரையாளரின் அறை. மேசையில் கணினிக்குப் பக்கத்தில் டிஷ்யூ பெட்டி, அதற்குக் கீழே இன்னொரு பெட்டி. நான் இருந்த நாற்பது நிமிடத்தில் கதவை மூன்று முறை தட்டினார்கள். மூன்றும் மாணவர்கள், மூவரும் வெள்ளையர் அல்லாதவர்கள். அவர்களில் யாருக்கும் அவர் அதிகாரபூர்வ ஆலோசகர் இல்லை. ‘உங்களிடம் சொன்னால் புரியும்’ என்று வந்தவர்கள். அப்புறம் துறை அலுவலகத்தில் வேலைப்பளு எக்செல் தாளைத் திறந்து பார்த்தேன். விரிவுரை, திருத்தம், ஆய்வு, நிர்வாகம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கதவு தட்டலுக்குக் கட்டம் இல்லை. அவர் வரிசையில் ஆய்வு மணிநேரம் மற்றவர்களைவிடக் குறைவு. “ஆய்வுக் கட்டுரை போதவில்லை” என்று பதவி உயர்வுக் குழு எழுதியிருந்தது. அந்தக் குழுவில் யாரும் கெட்டவர் இல்லை. தாளில் இருந்ததைப் பார்த்தார்கள். 1994இல் அமாடோ படில்லா என்ற கல்வியாளர் இதற்குக் ‘கலாசார வரி’ என்று பெயர் வைத்தார். எனக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இன்னும் கிடைக்கவில்லை. வரி கட்டுகிறவருக்கு ரசீது கூடக் கிடைப்பதில்லை.

அதனால் குழுவை விட்டு விலகாதீர்கள் என்பதே என் கருத்து. ஆனால் அந்தக் குழு வேலையும் உங்கள் வேலைப்பளுத் தாளில் மணிநேரமாக ஏற வேண்டும். அதை முதல் நிபந்தனையாக எழுத்தில் கேளுங்கள். ஏறாவிட்டால் அதே வரியை நீங்களும் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கிடைத்ததும், குழுவைச் சிறப்புரிமைத் தாளிலிருந்து எக்செல் தாளுக்குத் திருப்புங்கள். நிரந்தர ஒப்பந்தத்தில் யார், ஆண்டு ஒப்பந்தத்தில் யார், கற்பித்தல் மட்டும் என்ற பதவியில் யார் என்று இனவாரியாக, ‘பேம்’ என்று கூட்டாமல் பிரித்துக் கேளுங்கள். ஒரு பதவியிலிருந்து அடுத்த பதவிக்கு யாருக்கு எத்தனை வருடம் ஆகிறது என்று கேளுங்கள். விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், வேலை கிடைத்தவர் என்ற மூன்று படியில் எந்தப் படியில் யார் உதிர்கிறார் என்பது மிக முக்கியம். ‘திறமையானவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை’ என்ற பேச்சு பெரும்பாலும் அங்கே நின்றுவிடும். சின்னத் துறை, எண்ணிக்கை குறைவு, ஆளை அடையாளம் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். அது நியாயமான கவலைதான். அப்படியானால் புலம் முழுவதற்கும், ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

காலை ஐந்து மணிக்கு வந்து உங்கள் அறையைத் துடைத்துவிட்டுப் போகிறவர்களையும் அந்தக் கணக்கில் கேளுங்கள். பல இடங்களில் அவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். பல்கலைக்கழகத்தின் இனக் கணக்கில் அவர்கள் பெயரே வராது. லண்டனின் ஸோவாஸ் பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணியாளர்கள் பல வருடம் போராடி, 2018இல் நேரடிப் பணியாளர்களாக ஆனார்கள். சாசனக் கூட்டத்தில் இதைப் பேசினால் ‘இது நம் வரம்பில் வராது’ என்று பதில் வரும். வரம்பை வரைந்தது யார் என்று கேட்டு, குறிப்பில் ஏற்றுங்கள்.

‘எங்களுக்குப் புகாரே வருவதில்லை’ என்ற வாதத்தையும் நிச்சயம் கேட்பீர்கள். சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2019இல் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்தபோது, சிறுபான்மை இன மாணவர்களில் 24 சதவீதம் பேர் இன ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். துன்புறுத்தப்பட்ட மாணவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழகத்திடம் சொல்லவே இல்லை. புகார்ப் பெட்டி காலியாக இருப்பதற்கு நம்பிக்கை இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

கண்கலங்கிய உங்கள் சகாவைப் பற்றி ஒரே வார்த்தை: அவரைத் தேற்றும் வேலையை நீங்களோ உங்கள் தோழியோ எடுத்துக்கொள்ளாதீர்கள். மனம் கனிந்தவர் என்றால், அந்த எண்களைக் கேட்டு முதல் மின்னஞ்சலை அவர் அனுப்பட்டும். அவருக்குப் பதில் சீக்கிரம் வரும்.

இனி உங்கள் தோழி. அவருக்காகச் செய்வதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். அவர் சார்பில் நீங்களாகத் துறைத்தலைவரிடம் போய்ப் பேசிவிட்டால், ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் அதன் விளைவு அவர் தலையில்தான் விடியும். மன்னிப்புக் கேட்கவும் போகாதீர்கள்; உங்களை மன்னிக்கும் வேலையும் அவருக்கு இன்னொரு சுமை. “நீங்கள் சொன்னது சரி, அதை நான் அன்று யோசிக்காமல் விட்டேன்” என்பது போதும்.

அவர் விரும்பினால் சொல்ல உங்கள் கையில் ஒரு உருப்படியான செய்தி இருக்கிறது. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டின் தவணை ஒப்பந்தப் பணியாளர் விதிகளின்படி, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துப் புதுப்பித்த ஒப்பந்தங்களில் நான்கு வருடம் முடித்தவர் பொதுவாக நிரந்தரப் பணியாளராகவே கருதப்படுவார். நிர்வாகம் நியாயமான காரணம் காட்டினால்தான் விலக்கு. ‘நான் நிரந்தரப் பணியாளர் என்பதை உறுதிசெய்து எழுதித் தாருங்கள், இல்லையென்றால் காரணம் தாருங்கள்’ என்று அவர் எழுத்தில் கேட்கலாம். 21 நாளுக்குள் நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும். கோடை விடுமுறையில் ஒப்பந்தத்தை முடித்து, செப்டம்பரில் புதிதாகத் தொடங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த இடைவெளி கணக்கில் எப்படி விழும் என்பது ஒவ்வொருவருக்கும் மாறும். அதனால் கடிதம் போடும் முன்பு எல்லா ஒப்பந்தங்களையும் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழக, கல்லூரிப் பணியாளர்களின் சங்கமான யுசியுவின் பிரதிநிதியைப் பார்க்கச் சொல்லுங்கள். முறையான குறைதீர்ப்பு விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியையோ சக பணியாளர் ஒருவரையோ கூட்டிப்போக அவருக்கு உரிமை உண்டு. அந்தச் சக பணியாளர் நீங்களாக இருக்கலாம்.

பாகுபாடு என்று தீர்ப்பாயத்துக்குப் போக நினைத்தால் காலக்கெடு மாதக் கணக்கில்தான் ஓடும், வருடக் கணக்கில் இல்லை. அவர் நிலைக்கு எந்தத் தேதி கடைசி என்று சங்கத்திடமோ, பணித் தகராறுகளில் ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பிடமோ தாமதிக்காமல் கேட்க வேண்டும். அவருக்காகச் சாட்சி சொன்னதற்காக உங்களைப் பழிவாங்கினால், சமத்துவச் சட்டத்தின் கீழ் அதுவும் தனிக் குற்றச்சாட்டுதான். பயம் வரும். எனக்கும் ஒரு முறை வந்தது. ஒரு தேர்வுக் குழுவில் ‘இவர் நம்மோடு ஒத்துப்போவாரா?’ என்று ஒருவர் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் குழுவில் அந்தக் கேள்வி வந்தாலும், “ஒத்துப்போவது என்றால் எந்த அளவுகோலில்? விளம்பரத்தில் எந்த வரியில் இருக்கிறது?” என்று கேட்டுவிடுகிறேன். உங்கள் குழுவிலும் அது வரும். தயாராக இருங்கள்.

திருப்பிக் கொடுத்த தாளை மறுபடி கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள். ‘ஆறு வருடத்தில் நிரந்தர வேலை, பதவி உயர்வு. அதே துறையில் எனக்கு முன்பே வந்தவர் ஏழு வருடமாக ஆண்டு ஒப்பந்தத்தில். காரணம் என்ன என்று துறை எழுத்தில் சொல்ல வேண்டும்’ என்று எழுதலாம். தோழியை அடையாளம் காட்டும் வரி அது. அதனால் முதலில் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை எண்கள் வந்த பிறகு கேளுங்கள்.

அவர் கடிதம் கொடுத்து 21 நாள் ஆகியும் பதில் வராவிட்டால், ஒப்பந்தத் தேதிகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.